கத்தியைக் கீழே வையுங்கள் என்றேன்

மாம்புரி
வெள்ளிக்கிழமை, அஸருக்குப் பின்

அன்பு மகள் ஷிஹாராவுக்கு உம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் மருமகன் றிஸ்கானும் பிள்ளைகள் மூன்று பேரும் அல்லாஹ்வின் காவலில் சுகமாக இருக்க வேண்டும். இங்கே நானும் வாப்பாவும் சுகம் என்று எழுதத்தான் பேனையை எடுத்தேன், ஆனால் நெஞ்சு கொதித்துக்கொண்டிருக்கிறவள் அப்படி எழுதினால் அது பொய்யாகிவிடும், ஆகவே உடம்பு சுகம், மனது சுகமில்லை என்றே எழுதுகிறேன். இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள், வட்சப்பில் கதைக்கலாமே என்று நீ கேட்பாய். உன் போன் எப்போது பார்த்தாலும் ஸ்பீக்கரில்தான் கிடக்கிறது, நான் சலாம் சொன்னால் பதில் சலாம் உன் மாமியிடமிருந்து வருகிறது, பிறகு நான் என்னத்தைக் கதைப்பது. இது தாய் மகளிடம் சொல்லும் கதை. கரையோரத்து வீட்டு மஸாஹிர் லீவு முடிந்து கத்தாருக்குத் திரும்புகிறான், அவன் கையில் இறால் கருவாட்டோடு இதையும் கொடுத்துவிடுகிறேன். பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டு ஆறுதலாக இருந்து படி.

போன மாதம் றிஸ்கானைப் பெற்ற உன் மாமி சுல்பா எனக்கு கோல் எடுத்தா. சுகம் விசாரிக்கிறா என்று நானும் சந்தோசமாக எடுத்தேன். ராத்தா, சொல்றன்னு குறை நெனைக்காதீங்க, உங்கட மகள் இந்த வயசிலயே கதிரையில குந்தித் தொழுறா, நாங்களும் பெத்தவங்கதானே, இப்படியா செஞ்சம் என்று தொடங்கினா. தண்ணீர்க் கேனைத் தூக்கச் சொன்னால் றிஸ்கான் வரட்டும் என்று நீ வைத்துவிடுகிறாயாம், அடுத்த பிள்ளையைப் பற்றிக் கதைத்தால் முகத்தைத் திருப்புகிறாயாம், நான்தான் உனக்கு நல்ல புத்தி சொல்ல வேண்டுமாம். சின்னவன் இன்னும் தவழ்ந்து முடியவில்லை, அதற்குள் நாலாவதைக் கேட்கிறார்கள். ஒரு பிள்ளைக்கும் மற்றப் பிள்ளைக்கும் நடுவில் உன் இடுப்பு நிமிர்ந்ததையே நான் காணவில்லை. பெருநாளன்று போனில் நீ குரலைத் தாழ்த்தி, உம்மா கீழ என்னமோ இறங்கி வாற மாதிரி இருக்கு என்று சொல்லத் தொடங்கினாய், யாரோ அறைக்குள் வந்ததும் பால் கரைக்க வேண்டும் என்று கதையை மாற்றினாய். அந்தப் பாதிக் கதையின் மீதியை உன் மாமியே எனக்குச் சொல்லிவிட்டா, என்ன சொல்கிறோம் என்று தெரியாமலே சொல்லிவிட்டா. நான் வாயைத் திறந்தால் என்ன வரும் என்று எனக்கே பயமாக இருந்தது, அடுப்பில் சோறு இருக்கிறது என்று போனை வைத்தேன். அந்தக் கோபத்தோடு இருந்தபோதுதான் இங்கே கோழி விசயம் நடந்தது, அதை முதலில் சொல்கிறேன், அதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

லொறியில் கொண்டு வந்து விற்றவனிடம் வாப்பா சிவப்புப் பேட்டுக் குஞ்சுகள் வாங்கினார் என்று உனக்குப் படம் அனுப்பினேன் அல்லவா. நன்றாகத்தான் வளர்ந்தன. கச்சான் காற்றில் முற்றத்து மணலெல்லாம் வீட்டுக்குள் வருகிறது, மிளகாய்க் கன்றுக்குக் கிணற்றுத் தண்ணீர் உவர்க்கத் தொடங்கிவிட்டது, இந்த வருசம் வாப்பாவுக்குச் சந்தோசம் தந்தது அந்தக் கோழிகள் மட்டும்தான். அதுகளை அதுகள் பாட்டில் விட்டிருக்கலாம். உன் சாச்சாவின் மகன் அக்மல் இருக்கிறானே, போனில் வீடியோ பார்த்தே எல்லாம் படித்தவன், அவன் வந்து கூட்டுக்குள் ஒரு பல்பைத் தொங்கவிட்டான். வெளிச்சம் இருந்தால் கோழி பகல் என்று நினைத்துச் சீக்கிரம் முட்டைக்கு வருமாம், வெளிநாட்டுல எல்லாம் இப்படித்தான் பெரியம்மா என்றான். அதுகள் இன்னும் குஞ்சுத்தனம் மாறாமல் திரிகிறதுகள், கொண்டைகூடச் சரியாகச் சிவக்கவில்லை, ஏன் இந்த அவசரம் என்று கேட்டேன். உனக்கு என்ன தெரியும் என்று வாப்பா சொன்னார். இந்த வீட்டுக்கு நான் வந்த நாளிலிருந்து கோழிக்குத் தீன் போட்டவள் நான், அந்தக் கூட்டைத் திறந்து மூடுகிறவள் நான், ஆனால் எனக்கு ஒன்றும் தெரியாது.

பல்பு எரிந்தது, முட்டையும் வந்தது. அதை ஏன் கேட்கிறாய், வாப்பா சுபஹு தொழுதுவிட்டு வரும் வழியெல்லாம் முட்டைக் கதைதான். இரட்டைக் கரு என்று உடைத்துக் காட்டினார், பள்ளிவாசல் முஅத்தினுக்குக் கொடுத்தார், மீன் வாடிக்காரனுக்குக் கொடுத்தார், அக்மலை இஞ்சினியர் என்று கூப்பிட்டார். முட்டையில் இரத்தக் கோடு இருக்கிறது என்று நான் காட்டினேன், கழுவிப் போடு என்றார். இரண்டு மூன்று கோழிகள் கூட்டின் மூலையில் நின்று முக்கிக்கொண்டே இருப்பதைக் காட்டினேன், பழகிடும் என்றார். எந்தப் பேட்டைக் கண்டாலும் பழகிவிடும் என்றுதான் இவர்கள் சொல்கிறார்கள்.

பிறகு ஒரு நாள் காலையில் கூட்டைத் திறந்தால் ஒரு கோழியின் பின்பக்கத்தில் சிவப்பாகச் சதை வெளியே தள்ளி நிற்கிறது. முட்டை வரும் வழியே உள்ளிருந்து திரும்பி வெளியில் வந்துவிட்டது. அதைவிடக் கொடுமை, கூட இருந்த கோழிகள் எல்லாம் அதைச் சுற்றி நின்று அந்தச் சதையைக் கொத்துகின்றன. ஒரே லொறியில் வந்து ஒரே தட்டில் தின்றதுகள். அது ஓடினால் பின்னாலேயே ஓடிக் கொத்துகின்றன. நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நிஃப்லா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து ஓடி வந்தா, இரண்டு பேரும் சேர்ந்து அதைப் பிடித்து எடுத்தோம். கைக்குள் அதன் நெஞ்சு அடித்த அடி எனக்கு இன்னும் கையில் இருக்கிறது.

வாப்பா வந்து பார்த்தார். பார்த்ததும் உள்ளே போனார், மருந்து ஏதாவது எடுக்கப் போகிறார் என்று நினைத்தேன், கத்தியோடு வந்தார். அதுட ஹயாத்து முடிஞ்சுது, மவுத்தாகுறதுக்கு முந்தி அறுத்துடுவம், இல்லாட்டி ஹராமாப் போயிடும் என்றார். நம் ஊரில் கோழி தலையைத் தொங்கப் போட்டால் போதும், ஹலாலும் ஹராமும் எல்லாருக்கும் ஞாபகம் வந்துவிடுகிறது. அது உயிரோடு இருக்கும்போது இரவில் தூங்கவிடாமல் விளக்கைப் போட்டது ஹலாலா என்று ஒருவரும் கேட்கவில்லை. அக்மல் அதற்குள் வந்து, பெரியம்மா மசாலா அரைச்சு வெக்கட்டுமாண்டு உம்மா கேக்குறா என்றான். அவன் முகத்தைப் பார்த்தேன், இஞ்சினியர் முகத்தில் ஒரு வருத்தமும் இல்லை. எனக்கு எங்கிருந்து அந்தக் குரல் வந்ததோ தெரியாது. கத்தியைக் கீழே வையுங்கள் என்றேன். இத்தனை வருசத்தில் உன் வாப்பாவிடம் நான் அப்படிக் கதைத்ததில்லை. நிஃப்லா பயந்து வேலியோரம் போய்விட்டா. வாப்பா கத்தியைக் கீழே வைக்கவில்லை, ஆனால் அசையவும் இல்லை. நான் கோழியைப் பழைய துவாய் ஒன்றில் சுற்றி, அபாயாவைப் போட்டுக்கொண்டு, ஓட்டோவைக் கூப்பிட்டு மிருக வைத்தியர் கந்தோருக்குப் போனேன்.

அங்கே வாசலில் நம்பர் கொடுக்கிறவன் என் மடியைப் பார்த்துச் சிரித்தான். மாட்டுக்கு வருவாங்க ஆட்டுக்கு வருவாங்க, இப்ப கோழிக்கும் லேடி டொக்டர் கேக்குதோ என்று பக்கத்தில் நின்றவனுக்குச் சொன்னான். ஓம் தம்பி கேக்குது, உங்கட உம்மாக்கும் கேட்டிருக்கும், அவ சொல்லியிருக்க மாட்டா என்றேன். அவன் நம்பரைத் தந்தான். டொக்டர் ஒரு சிங்களப் பிள்ளை, உன் வயதுதான் இருக்கும், சிரிக்கவில்லை. துவாயை விலக்கிப் பார்த்ததும் முதல் கேள்வியே, அம்மா கூட்டுக்கு லைட் போட்டது தானே என்றா. ஓம் என்றேன். எத்தனை கிழமைக் குஞ்சில் போட்டீர்கள், எப்போது முதல் முட்டை வந்தது என்று கேட்டுவிட்டு, இது நோய் இல்லை அம்மா, அவசரம், உடம்பு வளர்ந்து முடிக்கல்ல, இடுப்பு எலும்பு விரியல்ல, அதுக்குள்ள பெரிய பெரிய முட்டை, எப்படித் தாங்கும் என்றா. எனக்கு அந்த இடத்திலேயே கண் கலங்கிவிட்டது. கோழிக்காக அழுகிறேன் என்று அந்தப் பிள்ளை நினைத்துத் தண்ணீர் தந்தா.

எப்படிச் செய்வது என்று அவவே செய்து காட்டினா. இளஞ்சூட்டுத் தண்ணீரில் மெதுவாகக் கழுவி, சீனி கரைத்த தண்ணீரில் துணியை நனைத்து அந்தச் சதையின்மேல் கொஞ்ச நேரம் வைத்திருந்தா, வீக்கம் கண்ணுக்கு முன்னாலேயே வற்றியது, பிறகு விரலில் எண்ணெய் பூசி ஆறுதலாக உள்ளே தள்ளினா. கோழி ஒரு சத்தம் போட்டுவிட்டு அடங்கியது. மற்றக் கோழிகளிடமிருந்து பிரித்து இருட்டான இடத்தில் வையுங்கள், தீனைக் குறையுங்கள், கொஞ்ச நாளைக்கு முட்டை இடாமல் இருந்தால்தான் உள்ளே ஆறும், சிப்பியை இடித்துப் போடுங்கள், பல்பை இன்றைக்கே கழற்றுங்கள் என்றா. திரும்பவும் வெளியே வரலாம், வந்தால் பயப்படாமல் இதையே செய்யுங்கள், சிலது பிழைக்காது என்றும் ஒளிக்காமல் சொன்னா. எழும்பப் போனவள் திரும்பவும் உட்கார்ந்தேன். மிஸ், பொம்பிளையளுக்கும் இப்படி வருமா என்று கேட்டேன். நான் மிருகத்துக்கு டொக்டர் அம்மா என்று சொல்லி, என் முகத்தைப் பார்த்து, கதவைச் சாத்திவிட்டு வந்தா. வரும், நிறையப் பேருக்கு வரும், வைத்தியம் இருக்கு, யாருக்கு அம்மா என்று கேட்டா. எனக்கும் என் மகளுக்கும் என்றேன்.

ஓம் மகள், எனக்கும்தான். உன் தம்பி பிறந்ததிலிருந்து எனக்கு அது இருக்கிறது. அந்தக் காலத்தில் தெருமுனைக் குழாயிலிருந்து குடம் குடமாகத் தூக்கினேன், பிள்ளை பெற்ற நாற்பது நாள் முடிவதற்கு முன்பே தூக்கினேன். இருமினால், தும்மினால், ஸஜ்தாவுக்குக் குனிந்தால் ஒரு சொட்டுப் போய்விடும். தொழுமுன் முகம் கைகால் கழுவி எடுத்த வுழூ முறிந்துவிட்டது என்று எழும்பிப் போய்த் திரும்ப வுழூ எடுப்பேன், திரும்பத் தொழத் தொடங்குவேன், திரும்பவும் முறியும். நோன்பு இரவுகளில் பெண்களெல்லாம் தறாவீஹ் தொழுகைக்குப் போக நான் வீட்டில் இருந்தேன். ஸக்கியாவுக்கு அமலில், வணக்கத்தில் சோம்பல் என்று கதைத்தார்கள், அது என் காதுக்கும் வந்தது, நான் என்னத்தைச் சொல்ல முடியும். என் தொழுகை ஒன்றும் சேரவில்லை என்றே இத்தனை வருசமும் நினைத்திருந்தேன். இப்போது பெண்கள் மத்ரஸாவில் படிப்பிக்கிற ஆலிமா மபாஸாவிடம் கேட்டால், இதெல்லாம் நோய், தொழுகைக்கு நேரம் வந்த பிறகு சுத்தம் செய்து, துணி வைத்து வுழூ எடுத்துத் தொழுதால் இடையில் சொட்டுப் போனாலும் தொழுகை கூடும், குனிய முடியாவிட்டால் கதிரையில் குந்தித் தொழலாம், மார்க்கத்தில் ஒரு தடையும் இல்லை என்கிறா. இதை ஏன் ஒருவரும் சொல்லித் தரவில்லை என்று கேட்டேன். ஒருத்தரும் கேக்கல்லியே ராத்தா என்றா. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. கோழிக்குஞ்சு அறுக்கும்போது எந்த நரம்பு எப்படி அறுபட வேண்டும் என்று இந்த ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும், பிள்ளை பெற்றவளின் உடம்புக்கு என்ன நடக்கும் என்று பெரியவர்களுக்கே தெரியாது.

நிஃப்லாவைக் கூட்டிக்கொண்டு புத்தளத்துக் கிளினிக்குக்குப் போனேன். கர்ப்பப்பை இறக்கம் என்று பெயராம், பெயரே இருக்கிறது பார். டொக்டர் பார்த்துவிட்டு இறப்பரால் செய்த ஒரு வளையம் உள்ளே வைத்துவிட்டா, இப்போது நடக்கும்போது அந்த இறங்குகிற பாரம் இல்லை. உள்ளுக்குள் சதையை இறுக்கிப் பிடித்து விடுகிற ஒரு பயிற்சியும் சொல்லித் தந்திருக்கிறா. வயதுப் பிள்ளைகளுக்கு ஆரம்பத்திலேயே வந்து காட்டினால் பயிற்சியிலேயே பாதி சரியாகும், பாரம் தூக்கக் கூடாது, அடுத்த பிள்ளைக்கு முன் உடம்பு ஆற இடைவெளி விட வேண்டும் என்று சொன்னா. நான் இரண்டு தடவை கேட்டு உறுதியாக்கிக்கொண்டேன், உனக்கு எழுத வேண்டும் என்பதற்காக.

கோழிக்கு என்ன ஆனது என்று கேட்பாய். அடுத்த நாளும் வெளியே தள்ளியது, நானும் நிஃப்லாவும் அதேபோலச் செய்து உள்ளே விட்டோம், பிறகு தள்ளவில்லை. பனை ஓலையில் பின்னிய பெரிய கூடைக்குள் கவிழ்த்து, குசினி மூலையில் வைத்திருக்கிறேன். இன்னொன்று வயிறு வீங்கி, முட்டை உள்ளுக்குள்ளேயே உடைந்து ஊறிச் செத்துப் போனது, அதை மட்டும் காப்பாற்ற முடியவில்லை. பிழைத்தது இன்னும் முட்டை இடவில்லை. சும்மா தின்னுது என்று வாப்பா ஒரு நாள் சொன்னார். தின்னட்டும் என்றேன். அதன் பிறகு அவரே அதற்குச் சிப்பி இடித்துப் போடுவதைப் பார்த்தேன், நான் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. பல்பைக் கழற்றியதும் அவர்தான். அக்மலை இஞ்சினியர் என்று இப்போது நான்தான் கூப்பிடுகிறேன்.

வாப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். உன் விசயமும் என் விசயமும், பெயர் சொல்லி, மறைக்காமல் சொன்னேன். இதெல்லாம் ஆம்பிளையளுக்கிட்ட சொல்ற கதையா என்றார். பிள்ளை கொடுத்தது ஆம்பிளைதானே என்றேன். அவர் எழும்பிப் போய்விட்டார், மஃரிபுக்குப் பிறகு வந்து, இவ்வளவு காலமும் எப்படி நடந்து திரிஞ்சாய் என்று மட்டும் கேட்டார். அவர் கேட்ட விதத்தில் என் கோபம் கொஞ்சம் இறங்கியது, முழுவதும் இறங்கவில்லை.

திங்கட்கிழமைகளில் பெண்கள் மத்ரஸாவில் மார்க்கப் பேச்சு, பயான் நடக்கும், முடிந்ததும் எல்லாரும் சேர்ந்து லுஹர் தொழுவார்கள். நான் போகாமல் விட்டு எவ்வளவோ காலம். இந்தத் திங்களுக்கு முந்திய திங்கள் போகிறேன் என்றேன், கதிரை வேண்டும், என்னால் தூக்க முடியாது, டொக்டர் தூக்கக் கூடாது என்றிருக்கிறா என்றேன். நாலு பேர் பாப்பாங்க என்று வாப்பா தயங்கினார். பார்க்கத்தான் வேண்டும் என்றேன். சாப்பாட்டு மேசைக் கதிரையைத் தோளில் வைத்துக்கொண்டு உன் வாப்பா எனக்கு முன்னால் தெருவில் நடந்தார். சந்தியில் நின்றவர்கள் எங்க ஹாசிம் நானா கதிரையோட என்று கேட்டார்கள். ஸக்கியாக்குச் சுகமில்ல, அவ குந்தித் தொழணும் என்று நின்று பதில் சொல்லிவிட்டு நடந்தார். முன் வரிசையில் கதிரையைப் போட்டுத் தொழுதேன். முதுகுக்குப் பின்னால் குசுகுசுப்புக் கேட்டது. முடிந்ததும் ஒவ்வொருவராக என்ன ஸக்கியா, முழங்காலா என்று வந்து கேட்டார்கள். முழங்கால் இல்லை, பிள்ளை பெற்ற இடம் என்று வந்த ஒவ்வொருவருக்கும் சொன்னேன். சிலர் தௌபா என்று வாயைப் பொத்தினார்கள். சிலர் என் பக்கத்திலேயே இருந்தார்கள், எழும்பிப் போகவில்லை. போன திங்கள் நான் போனபோது, எனக்கு முன்பே அங்கே வேறு இரண்டு கதிரைகள் வந்து கிடந்தன.

ஆகவே மகள், நீ கதிரையில் குந்தியே தொழு, யாருக்கும் காரணம் சொல்ல வேண்டாம். கேனைத் தூக்காதே. நாலாவது பிள்ளை உன் உடம்பு சொல்லும்போதுதான், உன் மாமி சொல்லும்போது இல்லை, இதை நான் சொன்னதாகவே சொல், அவவோடு நான் கதைத்துக்கொள்கிறேன், அவவும் பெற்றவதானே, அவவுக்கு என்ன இருக்கிறதோ யார் கண்டது. இந்தக் கடிதத்தை ஒளித்து வைக்காதே, படித்து முடித்ததும் றிஸ்கானிடம் கொடு, நல்ல பிள்ளை, வெட்கப்பட்டாலும் படிக்கட்டும். ஆஸ்பத்திரியில் திகதி எடுக்கச் சொல். திகதி எடுத்த பிறகு எனக்கு கோல் எடு. அதுவரைக்கும் பிள்ளைகள் என்ன சாப்பிட்டார்கள், அங்கே வெயில் எப்படி என்று ஒன்றும் சொல்ல வேண்டாம், எனக்கு அந்தத் திகதிதான் வேண்டும். வல்ல அல்லாஹ் உன் உடம்புக்கு ஆபியத்தும் மனதுக்குத் தைரியமும் பிள்ளைகளுக்கு நீண்ட ஹயாத்தும் தரட்டும். வாப்பா சலாம் சொல்லச் சொன்னார். இறால் கருவாட்டை வெயிலில் ஒருக்கால் காயப் போட்டுவிட்டு எடுத்து வை.

வஸ்ஸலாம்,
உன் திகதிக்குக் காத்திருக்கும் உம்மா
ஸக்கியா